மேலே கல், அடியில் மெழுகு: செட்டிநாட்டுப் பல் மருத்துவமனை ஒன்றில் திரும்பி வந்த கம்போசிட் அடைப்புகள்

பின்னணி

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடைப்பட்ட ஊரில் இயங்கும் சிறிய பல் மருத்துவமனை அது. இரண்டு நாற்காலி, இரண்டு மருத்துவர்கள், ஒரு உதவியாளர். நோயாளிகளில் பாதிப் பேர் சுற்றுவட்டாரக் கிராமத்தவர்கள். மீதிப் பேர் சென்னை, கோவை, சிங்கப்பூர், மலேசியா என்று வெளியே குடியிருந்து, கல்யாணம், முன்னோர்க்குப் படைப்பு, கோயில் திருவிழா என்றால் மட்டும் வந்து பூட்டிய வீட்டைத் திறக்கிறவர்கள். இவர்களுக்குக் கையில் இருப்பது நான்கைந்து நாள்தான். “இருக்கிற பல்லையெல்லாம் இந்தத் தடவையே பார்த்துவிடுங்கள்” என்பார்கள். முகூர்த்த மாதங்களில் ஒரே அமர்வில் மூன்று நான்கு பல்லை அடைப்பது அங்கே வழக்கமாகிவிட்டது.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு மருத்துவமனை பாதரசம் கலந்த உலோக அடைப்பான அமால்கத்தை அறவே நிறுத்தியது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் கையெழுத்தாகி 2017இல் நடைமுறைக்கு வந்ததும் ஒரு காரணம். பல் நிறத்திலேயே அடைக்கச் சொல்லி நோயாளிகள் கேட்டது அதைவிடப் பெரிய காரணம். ஆனால் அமால்கத்திலிருந்து பல் நிற அடைப்பான கம்போசிட்டுக்கு மாறும்போது நிறம் மட்டும் மாறுவதில்லை. அமால்கம் தானாக இறுகும். குழியின் அடியில் இருந்தாலும் இறுகும். அவர்கள் வைத்த கம்போசிட் வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டுமே இறுகும்.

ரஃபேல் போவன் 1962இல் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ ரெசினும், அதனுடன் கலந்த கண்ணாடித் துகளும்தான் இன்றைக்கும் பெரும்பாலான கம்போசிட்டின் உடம்பு. அதில் கலந்திருக்கும் கேம்ஃபர்குவினோன் 468 நானோமீட்டர் அளவிலான நீல ஒளியை உறிஞ்சி வினையைத் தொடங்கி வைக்கிறது. அந்த ஒளி போகப் போகக் கண்ணாடித் துகளில் சிதறும், நிறமியில் உறிஞ்சப்படும். 2 மி.மீ. தாண்டினால் சாதாரண கம்போசிட்டில் எஞ்சுவது சொற்பம்.

இரண்டு பற்கள் ஒட்டும் பக்கத்தில் சொத்தை வந்தால் வெட்ட வேண்டிய கிளாஸ் 2 குழியில்தான் இது சிக்கலாகிறது. அந்தக் குழியின் பெட்டி போன்ற பகுதி ஈறு வரை இறங்கும். அதன் தரைக்கும் மேலே பல் முகட்டில் வைத்த, கம்போசிட்டை இறுக்கும் நீல லைட்டின் முனைக்கும் நடுவே 6 முதல் 8 மி.மீ. தூரம் இருப்பது சாதாரணம். இந்த நிகழ்வு முழுவதும் அந்தச் சில மில்லிமீட்டரில் நடந்ததுதான்.

முதல் அறிகுறி

பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த 58 வயது ஆச்சிக்கு இடது கீழ்த்தாடை முதல் கடைவாய்ப்பல்லில் (36) பின்பக்கமாகக் கம்போசிட் அடைத்திருந்தார்கள். ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். “மேலே கல்லு மாதிரித்தான் இருக்கு தம்பி. இடுக்குலதான் சோறு போய் உக்காந்துக்குது, குடிக்கிற தண்ணி சில்லுன்னு ஏறுது” என்றார்.

பார்த்தபோது அடைப்பின் மேற்பரப்பில் தேய்மானம் இல்லை, விரிசலும் இல்லை. பின்பக்க ஓரத்தில், ஈறுக்குச் சற்று மேலே, பழுப்புக் கோடு ஓடியது. பற்களின் இடுக்கைக் காட்டும் பைட்விங் எக்ஸ்ரேயில் பெட்டியின் தரைக்குக் கீழே மங்கலான கருநிழல். அடைப்பின் ஓரத்தில் மறுபடி சொத்தை பிடித்திருக்கிறது என்பதில் ஐயமில்லை.

அடுத்த மூன்று வாரத்துக்குள் இதே குறையோடு இன்னும் ஐந்து பேர் வந்தார்கள். ஆறுமே கிளாஸ் 2, ஆறுமே கடைவாய்ப்பல், ஆறிலும் கோளாறு ஈறுப்பக்க ஓரத்தில். பல் முகட்டில் மட்டும் அடைத்த கிளாஸ் 1 அடைப்புகளில் அந்தக் காலத்தில் குறை சொல்லி ஒருவரும் வரவில்லை. அதே மருந்து, அதே கை, பல்லோடு ஒட்டவைக்கும் அதே பாண்டிங் திரவம். மேலோட்டமான குழி நிற்கிறது, ஆழமான குழி நிற்கவில்லை. இந்த ஒற்றுமை அன்றே கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

முதல் விளக்கமும் முதல் முடிவும்

மருத்துவர்களுக்கு முதலில் தோன்றிய காரணங்கள் இரண்டு. ஒன்று, ஆச்சியின் வெற்றிலை பாக்கு. சாப்பாட்டுக்குப் பின் மூன்று வேளையும் போடுகிற பழக்கம். மற்றது, கம்போசிட்டின் தரம். அப்போது வாங்கிக்கொண்டிருந்தது விலை குறைந்த சரக்கு.

ஆகவே கம்போசிட்டை மாற்றினார்கள். விளம்பரத் தாளில் வளைவு வலிமை (வளைத்தால் ஒடியாமல் தாங்கும் அளவு) கூடுதலாகப் போட்டிருந்த, ஏறக்குறைய இரண்டு மடங்கு விலையுள்ள மருந்து வந்தது. ஆச்சியின் அடைப்பில் பழுப்புக் கோடு ஓடிய ஓரத்தை மட்டும் வேகமாகச் சுழலும் பர் என்ற துளைமுனையால் அறுத்தெடுத்து, புது மருந்தால் ஒட்டுப்போட்டு அனுப்பினார்கள். மற்ற ஐவருக்கும் அதே வேலைதான்.

இந்த முடிவு தவறானது. வலிமை எண் எப்படிக் கிடைக்கிறது என்று தெரிந்திருந்தால் இதை எடுத்திருக்கவே மாட்டார்கள். பல் அடைப்பு ரெசின்களுக்கான ஐஎஸ்ஓ 4049 என்ற பன்னாட்டுத் தரநிலைப்படி வளைவு வலிமை பார்ப்பது 25 மி.மீ. நீளமும் 2 மி.மீ. அகலமும் 2 மி.மீ. கனமும் உள்ள குச்சியில். அந்தக் குச்சிக்கு இருபக்கமும் இடைவெளி விடாமல் வெளிச்சம் காட்டி, 37 டிகிரி நீரில் ஒரு நாள் வைத்து, பிறகுதான் ஒடிப்பார்கள். மெல்லும் பரப்பைத் தாங்க வேண்டிய கம்போசிட்டுக்கு அதில் குறைந்தது 80 மெகாபாஸ்கல் தேவை. தாளில் இருக்கும் எண், இருபக்கமும் முழுதாக இறுகிய மருந்தின் எண். ஒரு பக்கம் மட்டும், அதுவும் 7 மி.மீ. தள்ளி நின்று வெளிச்சம் காட்டிய பெட்டித் தரையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

குழியைத் திறந்தபோது

ஒட்டுப்போட்டு நான்கு மாதத்தில் ஆச்சி மறுபடி வந்தார். ஐவரில் இன்னொருவரும் வந்தார். இந்த முறை மூத்த மருத்துவர் அவசரப்படாமல் திறக்க முடிவு செய்தார். வேகப் பரையும் தண்ணீரையும் வைத்து அறுத்தால் இறுகியது, இறுகாதது எல்லாம் ஒன்றாகத் தூளாகி ஓடிவிடும். முதல் தடவை அப்படித்தான் சான்று போயிற்று. இப்போது மேலுள்ள 2 மி.மீ.யை மட்டும் பரால் எடுத்துவிட்டு, அதன் கீழே கைக்கருவியால் இறங்கினார்.

மேற்பகுதியில் பர் வழக்கம்போல் கீச்சிட்டு முனகியது. 3 மி.மீ. தாண்டியதும் எக்ஸ்ப்ளோரரின் கூர்முனை அழுத்தாமலே உள்ளே இறங்கியது. ஸ்பூன் எக்ஸ்கவேட்டரை வைத்து இழுத்தால் கம்போசிட் உடையவில்லை. சாம்பல் நிறத்தில், நகத்தால் சுரண்டிய மெழுகுபோல், சுருண்டு சுருண்டு வந்தது. தரையை ஒட்டி இருந்ததில் பிசுபிசுப்புகூட மிச்சம். அதன் அடியில் பழுப்பேறி ஈரம் கோத்த டென்டின் (பல்லின் மேலோடான எனாமலுக்கு அடியிலுள்ள திசு). ஆச்சியின் பல்லில் இப்படி இறுகாமல் கிடந்த பகுதி சுமார் 2 மி.மீ. கனம். பதினோரு மாதமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. மேலே ஒட்டுப்போட்ட உயர்ந்த மருந்தின் ஈறுப்பக்க ஓரமும் அதே நிலைதான்.

அன்றே இரண்டு முடிவு எடுத்தார்கள். காரணம் தெரியும் வரை ஆழமான கிளாஸ் 2 குழியில் கம்போசிட் வைப்பதில்லை. அதுவரை கெட்டி வகைக் கிளாஸ் அயனோமர் வைப்பது; அது அமில–கார வினையால் தானே இறுகும், வெளிச்சத்தை நம்பி இல்லை. 1972இல் வில்சனும் கென்ட்டும் வெளியிட்ட சிமென்ட்டின் வழிவந்தது அது. வெயில் காலத்தில் அதற்கும் ஒரு பக்குவம் வேண்டும்: பொடியைக் கரண்டி விளிம்போடு சமமாக வழித்து, திரவக் குப்பியைச் செங்குத்தாகப் பிடித்து, காற்றுக் குமிழி இல்லாத ஒரு சொட்டு விட வேண்டும். அறை சூடாக இருந்தால் கலக்கும் கண்ணாடிப் பலகையைக் குளிர்வித்துத் துடைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் குழிக்குப் போகும் முன்பே பளபளப்பு மங்கிவிடும். மங்கிய பிறகு வைத்தது பல்லோடு ஒட்டாது.

அச்சுச் சோதனை

மருந்தா, வெளிச்சமா என்று பிரித்துப் பார்க்க ஐஎஸ்ஓ 4049இல் உள்ள சுரண்டல் சோதனையே போதும். ஆய்வுக்கூடம் தேவையில்லை. காரைக்குடி லேத் பட்டறையில் 6 மி.மீ. கனமுள்ள துருப்பிடிக்காத எஃகுத் தகட்டில் 4 மி.மீ. விட்டத்தில் நேரான துளை போட்டு வாங்கினார்கள். துளையின் உட்சுவரில் பிசிறு இருக்கக் கூடாது. இருந்தால் கட்டியைத் தள்ளும்போது அடிப்பகுதி பிய்ந்து அளவு கெடும். பட்டறைக்காரரிடம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

செய்முறை இது. மேசையில் வெள்ளைத் தாள், அதன் மேல் கண்ணாடித் துண்டு, அதன் மேல் மைலார் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பட்டை, அதன் மேல் அச்சு. காற்றறை விடாமல் கம்போசிட்டைத் துளையில் சற்று மிகையாக நிரப்பி, மேலே இன்னொரு மைலார் பட்டையும் கண்ணாடியும் வைத்து அழுத்தி மிச்சத்தை வழித்துவிட வேண்டும். மேல்கண்ணாடியை எடுத்துவிட்டு, லைட் முனையைப் பட்டையில் படும்படி வைத்து, குழியில் எவ்வளவு நேரம் காட்டுவோமோ அவ்வளவு நேரம் காட்ட வேண்டும். உடனே கட்டியைத் தள்ளியெடுத்து, இறுகாத அடிப்பகுதியைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்ட வேண்டும். இரும்புக் கருவி கூடாது. அது இறுகியதையும் சேர்த்துச் சுரண்டிவிடும். மிஞ்சிய கட்டியின் நீளத்தை அளந்து, அதில் பாதியை இறுகு ஆழம் என்று கொள்ள வேண்டும். பாதியாக்குவதற்குக் காரணம் உண்டு. சுரண்டலுக்குத் தாக்குப்பிடித்த அடிப்பகுதி எல்லாமே சரியாக இறுகியது ஆகாது. மேல்பகுதியின் கடினத்தில் குறைந்தது 80 விழுக்காடு அடியிலும் இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் பின்பற்றும் அளவுகோல், அது கட்டியின் நுனிக்கு வெகு முன்பே முடிந்துவிடும். தரநிலைப்படி இந்த ஆழம் 1.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தயாரிப்பாளர் சொன்ன ஆழத்தைவிட 0.5 மி.மீ.க்கு மேல் குறையவும் கூடாது.

ஏ2 என்ற பல் நிறம், 20 நொடி. ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டி செய்து சராசரி எடுத்தார்கள். மருந்துப் பெட்டி சொல்லும் ஆழம் 2 மி.மீ. லைட்டை அன்றாடம் இருந்த நிலையிலேயே வைத்து, முனை தொட்டிருக்கும்படி காட்டியபோது கட்டியின் நீளம் 3.0 மி.மீ., ஆழம் 1.5; தரநிலையின் விளிம்பில் தொங்குகிறது. அச்சுக்கு மேல் 6 மி.மீ. உயரமுள்ள வளையம் வைத்து, அதாவது பெட்டித் தரையின் தூரத்தில், அதே 20 நொடி காட்டியபோது கட்டி 1.6 மி.மீ. ஆழம் 0.8.

மலிவான மருந்துக்கும் விலையுயர்ந்த மருந்துக்கும் இந்தச் சோதனையில் பேசத்தக்க வேறுபாடு இல்லை. வெயிலில் மேசை இழுப்பறையில் கிடந்த சிரிஞ்சுக்கும் குளிர்பெட்டிச் சிரிஞ்சுக்கும்கூட வேறுபாடு தெரியவில்லை. மாதாந்திர மின்தடை நாளில் ஏசி இல்லாமல் மருந்து கெட்டிருக்குமோ என்ற சந்தேகம் அத்தோடு தீர்ந்தது. பாண்டிங் குப்பி மட்டும் விதிவிலக்கு. மூடி சரியாக மூடாததால் கரைப்பான் ஆவியாகி, அது தேன்போலத் தடித்திருந்தது. பாண்டிங் கெட்டிருக்கிறதா என்பதை இந்த அச்சு காட்டாது; குப்பியைக் கண்ணால் பார்த்துத்தான் தூக்கி எறிந்தார்கள்.

வெளிச்சம் தொலைந்த இடங்கள்

லைட்டின் முனையைப் பெருக்குக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, ஓரத்தில் பிறைபோல் மஞ்சளித்த படலம் ஒட்டியிருந்தது. குழியில் மெல்லத் தொட்டுத் தொட்டு எடுக்கும்போது ஒட்டிய கம்போசிட், அடுத்தடுத்த வெளிச்சத்தில் அங்கேயே இறுகிப்போனது. பக்கத்து ஊர் மருத்துவமனையிலிருந்து இரவல் வாங்கிய ஒளியளவியான ரேடியோமீட்டரில் சதுர சென்டிமீட்டருக்கு 230 மில்லிவாட் காட்டியது. படலத்தைப் பிளாஸ்டிக் கத்தியால் நீக்கி, ஆல்கஹாலில் துடைத்த பிறகு 310. வாங்கியபோது பெட்டியில் போட்டிருந்தது 1000. கையடக்க ரேடியோமீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. முனையின் விட்டம் மாறினாலும் எண் மாறும். ஆகவே அந்த எண்ணைத் தனியாக நம்பாமல், அதே கருவியில் அதே லைட்டை நாள்பட ஒப்பிடத்தான் பயன்படுத்த வேண்டும். ஆனாலும் 1000க்கும் 310க்கும் இடையிலுள்ள பள்ளத்தைக் கருவிப் பிழை என்று தள்ள முடியாது.

கணக்கும் அதையே சொன்னது. 2 மி.மீ. அடுக்குக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 16 ஜூல் என்பது பரவலாகக் கொள்ளும் அளவு. 800 மில்லிவாட் லைட் 20 நொடியில் அதைக் கொடுத்துவிடும். 230 மில்லிவாட் 20 நொடியில் கொடுப்பது 4.6 ஜூல், அதுவும் முனையை ஒட்டி. 6 மி.மீ. கீழே இன்னும் எவ்வளவோ குறைவு.

லைட்டின் பேட்டரியும் தளர்ந்திருந்தது. முழுதாகச் சார்ஜ் ஏற்றித் தொடர்ந்து பத்து முறை காட்டியபோது ரேடியோமீட்டர் எண் படிப்படியாக இறங்கியது. நல்ல லைட்டுகள் மின்னழுத்தம் குறைந்தாலும் ஒளியைச் சமமாக வைத்து, முடியாதபோது நின்றுவிடும். இது நிற்காமல் மங்கியது. கல்யாண மாதத்தில் ஒரே அமர்வில் நான்கு பல் அடைத்தவர்களில், நான்காவது பல்லுக்குக் கிடைத்த வெளிச்சம் முதல் பல்லுக்குக் கிடைத்தது அல்ல. தொற்றுத் தடுப்புக்கு மாட்டும் பிளாஸ்டிக் உறையின் தையல் முனைக்குக் குறுக்கே வந்தால் இன்னும் குறையும். உறையை இழுத்துச் சுருக்கமின்றி மாட்டி, தையலைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். முனையில் உறை ஒரே அடுக்காக இருக்க வேண்டும்.

அடுத்தது கை. உதவியாளர் லைட்டைப் பிடிக்கும்போது நீல ஒளி கூசுவதால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆரஞ்சு நிறத் தடுப்பு உடைந்து பல நாளாகியிருந்தது. முகம் திரும்பினால் கையும் நகரும். முனையின் விட்டம் 8 மி.மீ.; கீழ் முதல் கடைவாய்ப்பல்லின் முன்பின் அகலமோ சுமார் 11 மி.மீ. 3 மி.மீ. நகர்ந்தாலே பின்பக்கப் பெட்டி இருட்டாகிவிடும். கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பிரைஸ் குழுவினர் பல ஆண்டுகளாக வலியுறுத்திவரும் செய்தி இதுதான்: லைட்டைப் பிடிக்கும் விதமே அடைப்புக்குப் போய்ச் சேரும் ஆற்றலைப் பெரிதும் மாற்றிவிடும்.

ஆச்சி விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. அவர் வாயைத் திறக்கும்போது முன்பற்களுக்கு இடையே 27 மி.மீ.தான் கிடைத்தது. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 35 மி.மீ.க்குக் குறையாது. கன்னத்தின் உட்புறம் வெளிறி, விரலால் தடவினால் நார்க்கயிறுபோல் பட்டைகள் தட்டுப்பட்டன. பாக்கினால் வாயின் உட்தோல் நாராகி இறுகும் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் நோய். வாய் திறக்காததால் லைட் முனை பல்லுக்கு நேராக நிற்காமல் முன்பக்கமிருந்து சாய்வாக நின்றிருக்கிறது; குழியைச் சுற்றிக் கட்டும் உலோக மேட்ரிக்ஸ் பட்டையின் நிழல் பின்பக்கப் பெட்டியில் விழுந்திருக்கிறது. ஆக, பாக்கின் மேல் போட்ட பழி முழுக்கத் தவறில்லை. ஆனால் அது அடைப்பைத் தேய்க்கவில்லை, வெளிச்சத்தை மறித்தது. இந்த நோய் பிற்பாடு புற்றாக மாறக்கூடியது. பாக்கைத் தனியாகவே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. முதல் தடவை பாக்கைக் காரணம் சொன்னவர்கள் அப்போதே கன்னத்தைத் தடவிப் பார்த்திருந்தால் நான்கு மாதம் முன்னதாகவே தெரிந்திருக்கும். இந்த நிகழ்வில் அடைப்பைவிடக் கவலை தர வேண்டிய தவறு அதுதான்.

எடுத்த முடிவுகள்

லைட்டைத் துடைத்து நேரத்தை இரட்டிப்பாக்கினால் போதாதா என்று இளைய மருத்துவர் கேட்டார். நியாயமான கேள்வி, செய்து பார்த்தார்கள். துடைத்த பழைய லைட், 6 மி.மீ. தூரம், 20 நொடியில் ஆழம் 1.0; 40 நொடியில் 1.45. நேரத்தை இரட்டித்தால் ஆழம் இரட்டிப்பதில்லை. ஒளி ஆழத்தில் அடுக்குக்குறி விகிதத்தில் குறைவதால், ஒவ்வொரு இரட்டிப்புக்கும் கிடைப்பது ஏறக்குறைய ஒரே அளவு கூடுதல்தான். அந்த 1.45ஐயும் தளர்ந்த பேட்டரி நாளுக்கு நாள் தின்றுவிடும். லைட்டை மாற்றுவதென்று முடிவானது.

புது லைட் வாங்கும்போது பெட்டியில் போட்ட உச்ச எண்ணைப் பார்க்கவில்லை. விற்பனையாளரிடமே அச்சைக் கொடுத்து, 6 மி.மீ. வளையம் வைத்துக் கட்டி செய்து காட்டச் சொன்னார்கள். தொட்டபடி 2.5, தூரத்தில் 2.1 வந்த லைட்டை எடுத்தார்கள். கழுத்து உயரம் குறைவாக இருப்பதும் ஒரு தேவை. குறைவாகத் திறக்கும் வாயில் நேராக நிற்க வேண்டுமே.

வலுவான லைட்டுக்கு வலுவான சூடும் உண்டு. பல்கூழின் வெப்பம் 5.5 டிகிரி கூடினால் சில பற்களில் அது மீளாமல் செத்துப்போகும் என்பதை 1965இல் குரங்குப் பற்களில் ஸாக், கோஹன் இருவரும் காட்டினார்கள். ஆகவே ஆழமான குழியில் 20 நொடிக்கு மேல் ஒரே மூச்சில் காட்டாமல், நடுவே சில நொடி விட்டு, பக்கவாட்டில் காற்று ஊதுவது என்று வைத்துக்கொண்டார்கள்.

அடுக்கின் கனம் 2 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. மி.மீ. கோடு போட்ட பீரியடான்டல் புரோபை வைத்து அளந்துகொள்ள வேண்டும். முன்பு அளக்கும் பழக்கம் இல்லை. பல அடுக்குகள் 3 மி.மீ. இருந்திருக்கலாம். உலோக மேட்ரிக்ஸைக் கழற்றிய பிறகு, கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் 20 நொடி கூடுதலாகக் காட்டுவதும் சேர்ந்தது. ஆரஞ்சுத் தடுப்பு அன்றைக்கே வந்தது.

ஆச்சியின் பல்

மூன்றாம் முறை அவசரம் காட்டவில்லை. குளிர்ச் சோதனையில் கூச்சம் வந்து உடனே அடங்கியது; பல்கூழ் உயிரோடு இருக்கிறது. சொத்தையைச் சுற்றுச்சுவரில் கடின டென்டின் வரை சுத்தம் செய்து, பல்கூழுக்கு நெருக்கமான இடத்தில் மட்டும் தோல்போன்ற டென்டினை விட்டார்கள். பெட்டியின் தரையில் எனாமல் மிஞ்சவில்லை. ஓரம் வேர்ப்பகுதிக்கு இறங்கிவிட்டது. அங்கே கம்போசிட் ஒட்டுவது பலவீனம்.

அதனால் தரையில் 1.5 மி.மீ. உயரத்துக்கு ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர், அதற்கு மேல் கம்போசிட் என்று திறந்த சாண்ட்விச் முறையைத் தேர்ந்தார்கள். சாதாரணக் கிளாஸ் அயனோமரை அந்த ஓரத்தில் திறந்து விட்டால் நாளடைவில் கரையும். ரெசின் கலந்ததில் வெளிச்சம் ஒருவேளை போதாமல் போனாலும் அமில–கார வினை அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். 10 விழுக்காடு பாலிஅக்ரிலிக் அமிலம் 20 நொடி, கழுவி, ஈரம் ஒற்றி, சிமென்ட், 20 நொடி வெளிச்சம். பிறகு எனாமல் ஓரத்துக்கு 37 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலம், புதுக் குப்பிப் பாண்டிங்கை மெல்லிய காற்றில் அசைவு நிற்கும் வரை உலர்த்துதல், மூன்று அடுக்கு கம்போசிட். எச்சில் படாமல் தடுக்கும் ரப்பர் டாம் விரிப்பின் கவ்வியை வாய்க்குள் நுழைப்பதே சிரமமாக இருந்தது. கடைசிப் பல்லில் மாட்டாமல் 36லேயே மாட்டினார்கள்.

அன்றே வாய்நோய்ப் பிரிவுள்ள மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். “வெத்தலைய விடச் சொல்றீங்களா, பாக்கையா?” என்று ஆச்சி கேட்டார். “பாக்கை இன்னைக்கே விட்டுடுங்க ஆச்சி. புகையிலை எப்பவும் சேர்க்கக் கூடாது” என்பது பதில்.

திரும்ப அழைத்தவர்கள்

மருத்துவர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு வந்தது இங்கேதான். வலி வந்தால் வரட்டும், அப்போது பார்ப்போம் என்பது ஒரு பக்கம். இறுகாத கம்போசிட்டுக்கு அடியில் சொத்தை வலியில்லாமலே வளரும், வலி வரும்போது வேர் சிகிச்சை வரை போயிருக்கும் என்பது மறுபக்கம். இரண்டாவதே சரி. முந்தைய 14 மாதத்தில் கிளாஸ் 2 கம்போசிட் வைத்த 41 பேரின் பெயரை எடுத்துத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். லைட் பழுதாக இருந்தது, அடைப்பைச் சரிபார்க்க வேண்டும், மறுபடி அடைக்க நேர்ந்தால் கட்டணம் இல்லை என்று மறைக்காமல் சொன்னார்கள்.

வந்தவர்கள் 32 பேர். பைட்விங்கும் ஓரச் சோதனையும் செய்ததில் 10 பேருக்கு மறுபடி அடைக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்தில் இருவருக்கு வேர் சிகிச்சை வரை போனது. அதற்கும் கட்டணம் வாங்கவில்லை. எக்ஸ்ரேயில் நிழல் இல்லாத, ஓரம் கெட்டியாக இருந்த 22 பேரின் அடைப்புகளைத் தொடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது என்று விட்டார்கள்.

கோபப்பட்டவர்கள் உண்டு. ஆனால் கூப்பிட்டுச் சொன்னதாலேயே மற்ற பல்லுக்கும் அங்கேயே வந்தவர்களும் உண்டு. ஆத்தங்குடியில் பூங்கல் என்னும் தரை ஓடு போடுகிற தொழிலாளி ஒருவருக்கு இந்த விஷயத்தை விளக்க வேண்டியே இருக்கவில்லை. கலர் சிமென்ட்டைக் கண்ணாடி மேல் ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமென்ட்டும் போட்டு, காய வைத்துத் தண்ணீரில் ஊற வைப்பது அவர் அன்றாடம் செய்யும் வேலை. “கண்ணாடிப் பக்கம் பளபளன்னுதான் சார் இருக்கும். பின்னால இறுகலேன்னா தூக்கும்போதே விண்டுபோகும்” என்றார். அடைப்பின் மேற்பரப்பைத் தட்டிப் பார்த்து ‘கெட்டியாக இருக்கிறது’ என்று சான்று சொல்லும் பழக்கத்தை இதைவிடத் தெளிவாக யாரும் மறுத்ததில்லை.

ஆச்சியின் பல் ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் எடுத்த பைட்விங்கில் நிழலின்றி இருக்கிறது. ஈறுப்பக்க ஓரத்தில் எக்ஸ்ப்ளோரர் சிக்கவில்லை, சோறு தங்குவதும் நின்றுவிட்டது. பாக்கை விட்டு, வாய்ப்பயிற்சியும் செய்துவந்ததில் வாய்த் திறப்பு 30 மி.மீ.க்கு வந்திருக்கிறது. கன்னப் பட்டைகள் அப்படியேதான் உள்ளன. வாய்நோய்ப் பிரிவில் தொடர்ந்து காட்டி வருகிறார்.

இனி மாற வேண்டியவை

லைட், பாண்டிங், அடுக்கு, பிடிக்கும் விதம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றியது நோயாளிக்கு நல்லது. கற்றுக்கொள்ள வேண்டியவர்களுக்கு அது குறைதான். எது எவ்வளவு பங்கு என்று இப்போது பிரிக்க முடியாது. அச்சுச் சோதனையை முதல் ஆறு பேர் வந்த வாரத்திலேயே செய்திருக்க வேண்டும். ஒரு கட்டிக்கு ஆகும் கம்போசிட் சுமார் 0.15 கிராம், 4 கிராம் சிரிஞ்சில் இருபத்தைந்து கட்டி செய்யலாம். மாறாக அவர்கள் செலவழித்தது இரண்டு மடங்கு விலையுள்ள மருந்தும் நான்கு மாதமும்.

இப்போது மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை, நோயாளிக்கு வைக்கும் அதே சிரிஞ்சிலிருந்து எடுத்து, 6 மி.மீ. வளையத்தோடு ஒரு கட்டி செய்து, நீளத்தைச் சுவர் அட்டையில் எழுதுகிறார்கள். காலாவதியான மருந்தைச் சோதனைக்கு எடுப்பதில்லை. எடுத்தால் மருந்தின் குறையா, லைட்டின் குறையா என்று தெரியாது. நீளம் 3.6 மி.மீ.க்குக் கீழே இறங்கினால், அதாவது ஆழம் 1.8க்குக் கீழே போனால், முனையையும் பேட்டரியையும் பார்த்த பிறகே அடுத்த நோயாளி. முனையை ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் பெருக்குக்கண்ணாடியில் பார்ப்பது உதவியாளரின் பொறுப்பு. வாய்த் திறப்பு எத்தனை மி.மீ. என்பது இப்போது எல்லாக் கேஸ் தாளிலும் ஒரு கட்டம். 35க்குக் குறைந்தால் கன்னத்தைத் தடவிப் பார்க்காமல் நாற்காலியைச் சாய்ப்பதில்லை. ஒரே அமர்வில் கிளாஸ் 2 இரண்டுக்கு மேல் இல்லை, ஊருக்குத் திரும்பும் அவசரம் எவ்வளவு இருந்தாலும்.

கூப்பிட்டும் வராத ஒன்பது பேரில் ஐந்து பேர் வெளியூரில் வேறு மருத்துவரிடம் காட்டிவிட்டதாகச் சொன்னார்கள். மிச்சமுள்ள நால்வரின் பெயர் பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அவர்களில் இருவர் தை மாதக் கல்யாணத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து வருவதாகத் தகவல். அந்த வாரத்தில் அவர்களுக்காக நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.